சூப்பர்சார்ஜர் காரில் நைட்ரஸ்: பெட்ரோலைச் சரிசெய்த பிறகுதான் பாட்டில்

பெங்களூரில் நைட்ரஸ் (இன்ஜினுக்குக் கூடுதல் ஆக்சிஜன் கொடுத்துச் சக்தியை ஏற்றும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு) பற்றி விசாரிக்கும் நண்பர்கள் முதலில் கேட்பது பாட்டில் எங்கே கிடைக்கும், கிட் என்ன விலை, எத்தனை எச்பி கூடும் என்பதுதான். ஃப்யூயல் பம்ப் எவ்வளவு தள்ளும், ரெயிலில், அதாவது இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் குழாயில், அழுத்தம் நிற்கிறதா என்ற கேள்வி கடைசியில் வரும். பல சமயம் வருவதே இல்லை. ஏற்கெனவே சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் கருவி, பேச்சில் ப்ளோயர்) ஓடுகிற காரில் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றியே ஆக வேண்டும். பெட்ரோல் பக்கத்தை அளந்து, சோதித்து, மாற்ற வேண்டியதை மாற்றி முடித்த பிறகு பாட்டிலுக்கு வரலாம். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

பழைய மெர்சிடிஸ் சி200 கொம்ப்ரெஸர் வைத்திருப்பவர்கள், ஹோண்டா சிவிக் மாதிரி காரில் வெளியே வாங்கிய ப்ளோயரைப் பொருத்தி ஓட்டுபவர்கள், நைட்ரஸை முதன்முறையாகத் தொடுபவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். ப்ளோயருக்கே இன்னும் சரியான ட்யூனிங் செய்யவில்லை என்றால் அதை முடித்துவிட்டு வாருங்கள். பூஸ்டில் (ப்ளோயர் ஏற்றும் காற்றழுத்தத்தில்) ஏற்கெனவே லேசாக நாக்கிங், அதாவது கலவை தப்பான நேரத்தில் வெடிக்கும் தட்டல் சத்தம், கேட்கிற இன்ஜினுக்கு நைட்ரஸ் கொடுக்கக் கூடாது.

சட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். பொதுச் சாலையில் பந்தயம் விட்டால் 189-ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுக்கவும் வழி உண்டு.

ஆகவே இது ட்ராக்கில் ஓடும் காருக்கான வேலை. நைஸ் ரோட்டிலோ தேவனஹள்ளி ஏர்போர்ட் ரோட்டிலோ நள்ளிரவில் சோதித்துப் பார்க்கிற விஷயம் இல்லை, அங்கே மற்றவர்களும் குடும்பத்தோடு போகிறார்கள். பெங்களூரிலிருந்து சென்னைப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ட்ராக் ஒரு காலைப் பயணம், கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் கரி ஸ்பீட்வே இருக்கிறது. இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ அங்கீகரித்த நிகழ்ச்சியாக இருந்தால், நைட்ரஸ் அனுமதி உள்ள வகுப்பு இருக்கிறதா என்று விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுச் செலவு செய்யுங்கள்.

பாட்டிலுக்கும் தனிச் சட்டம் இருக்கிறது. அழுத்தப்பட்ட வாயு சிலிண்டர்கள் 2016-ஆம் ஆண்டு கேஸ் சிலிண்டர் விதிகளின் கீழ் வருகின்றன, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ என்ற பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்புதான் அதற்கு அதிகாரி. வெளிநாட்டிலிருந்து பாட்டிலை வாங்கி வந்துவிட்டு, எங்கேயும் நிரப்பித் தரமாட்டேன் என்கிறார்களே என்று நிற்பவர்கள் உண்டு. உரிமம் உள்ள நிரப்பு நிலையத்தில் முதலில் பேசி, அவர்கள் எந்தப் பாட்டிலை ஏற்பார்கள் என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் நைட்ரஸைக் கள்ளத்தனமாக வாங்குவது குற்றம், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

நைட்ரஸ் உள்ளே போனால் நடப்பது என்ன

காற்றில் எடைக்கணக்கில் 23 சதவீதம் ஆக்சிஜன். நைட்ரஸ் ஆக்சைடில் 36 சதவீதம். சுமார் 300 டிகிரியில் அது உடைந்து ஆக்சிஜனை விடுகிறது. அந்த ஆக்சிஜன் இன்னும் கொஞ்சம் பெட்ரோலை எரிக்க இடம் கொடுக்கிறது, கூடுதல் சக்தி அந்தப் பெட்ரோலிலிருந்துதான் வருகிறது. நைட்ரஸ் தானாக எரியாது.

இன்னொரு பலன் குளிர்ச்சி. பாட்டிலில் திரவமாக இருப்பது நாசிலை (தெளிக்கும் முனையை) விட்டு வெளியே வந்ததும் கொதித்து ஆவியாகிறது. அதன் கொதிநிலை மைனஸ் 88 டிகிரி. ப்ளோயர் காற்றை அமுக்கும்போது சூடாக்கிவிடும், குறிப்பாக இரண்டு சுழலிகளால் காற்றைத் தள்ளும் ரூட்ஸ் வகை. அந்தச் சூட்டை நைட்ரஸ் சட்டென்று இறக்கிவிடும். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தது புதிய யோசனையும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானங்களில் ஜிஎம்-1 என்ற பெயரில் இதே நைட்ரஸ்தான் இருந்தது, சூப்பர்சார்ஜர் மூச்சுத் திணறும் உயரத்தில் இன்ஜினுக்கு ஆக்சிஜன் கொடுக்க.

புதியவர்கள் கவனிக்க வேண்டிய குணம் ஒன்று உண்டு. நைட்ரஸ் ஒரே சீராகப் போகும், ஆர்பிஎம் அதற்குக் கணக்கே இல்லை. 50 எச்பி ஜெட் (போகும் அளவைத் தீர்மானிக்கும் துளை) 6,000 ஆர்பிஎம்மில் சுமார் 59 நியூட்டன் மீட்டர் டார்க் கூட்டும். அதே ஜெட் 3,000 ஆர்பிஎம்மில் சுமார் 119 கூட்டும். கனெக்டிங் ராடு வளைவது அங்கேதான். அதனால் 3,000-க்குக் கீழே நைட்ரஸ் திறக்கவே கூடாது, ரூட்ஸ் ப்ளோயர் உள்ள காரில் 3,500 என்று வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. கீழ் ஆர்பிஎம்மில் அந்த ப்ளோயரே முழு பூஸ்ட் கொடுத்துக்கொண்டிருக்கும்.

எவ்வளவு பெட்ரோல் வேண்டும்: ஒரு தாளில் போடும் கணக்கு

பூஸ்ட் உள்ள பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு எச்பிக்கு மணிக்கு சுமார் 0.37 லிட்டர் என்று வைத்துக் கணக்குப் போடலாம். ப்ளோயருடன் 220 எச்பி தரும் நாலு சிலிண்டர் காரை எடுத்துக்கொள்வோம். 220 பெருக்கல் 0.37, மணிக்கு 81 லிட்டர்.

இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் சக்தி குறைவு, அதனால் அதே வேலைக்குச் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். 81 இப்போது 87 ஆகிவிட்டது. இதன் மேல் 40 எச்பி நைட்ரஸ். நைட்ரஸுக்குக் கொஞ்சம் தாராளமாக, எச்பிக்கு 0.4 லிட்டர் என்று போட்டு, இ20-க்கான 7 சதவீதத்தையும் சேர்த்தால் 17 லிட்டர் வரும். மொத்தம் 104. கால் பங்கு கையிருப்பு சேர்த்தால் 130.

இதோடு முடியவில்லை. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் இங்கே சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. பெல்ட்டில் ஓடும் ப்ளோயர் உள்ளே வருகிற காற்றை ஒரே விகிதத்தில்தான் அமுக்கும், எனவே இங்கே ட்யூன் செய்த காரை கிருஷ்ணகிரி வழியாக இறக்கி இருங்காட்டுக்கோட்டைக்குக் கொண்டுபோனால் அங்கே அது அதிகக் காற்றை இழுக்கும், பெட்ரோலும் அதிகம் கேட்கும். ப்ளோயர் பக்கத்துக்கு இன்னொரு 9 லிட்டர் சேர்த்துக்கொண்டால் பம்ப் கொடுக்க வேண்டியது மணிக்குச் சுமார் 140 லிட்டர். நைட்ரஸுக்கு உயரம் ஒரு பொருட்டில்லை, அது எங்கேயும் அதே அளவுதான் போகும். இங்கே டைனோவில் (காரை நிறுத்திவைத்து ஓட்டிச் சக்தியை அளக்கும் மேடையில்) எல்லாம் அழகாக இருந்து அங்கே போய் லீன் ஆகும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் போகும், கார்களில், பம்ப் விளிம்பில் நின்றதுதான் பெரும்பாலும் விஷயம்.

இன்ஜெக்டருக்கும் இதே தாளில் கணக்குப் போட்டுவிடலாம். மணிக்கு 87 லிட்டர் நாலு இன்ஜெக்டர் வழியாகப் போக வேண்டும் என்றால் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 362 சிசி. இன்ஜெக்டரை 80 சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்பதால் 450 சிசி இன்ஜெக்டர் தேவை. நைட்ரஸுக்கான பெட்ரோலையும் இன்ஜெக்டரே கொடுக்க வேண்டும் என்றால் 540 சிசி.

அழுத்தத்தை ஏற்றி இன்ஜெக்டரிலிருந்து கூடுதலாகக் கறந்துவிடலாம் என்ற யோசனை வரும். 3 பாரை 4 பாராக ஏற்றினாலும் 15 சதவீதம்தான் கூடும். அதற்குள் பம்ப் தள்ளும் அளவு குறைந்துவிடும்.

பம்பைச் சோதிப்பது

கேரேஜில் அடிக்கடி காதில் விழும் வசனம் இது: "255 பம்ப் போட்டாச்சுண்ணா, இனி கவலையே இல்லை." 255 என்பது குறைந்த அழுத்தத்தில், முழு வோல்டேஜில் மணிக்குக் கிடைக்கும் லிட்டர். அழுத்தம் ஏறினால் அது குறையும், வோல்டேஜ் இறங்கினால் இன்னும் வேகமாகக் குறையும். பழைய மெல்லிய ஒயரில் 11.5 வோல்ட் மட்டும் வந்துசேரும் பம்ப், பெட்டியில் போட்டிருக்கும் எண்ணுக்குப் பக்கத்திலேயே வராது. அதனால் உங்கள் காரில், உங்கள் ஒயரில், உங்கள் பூஸ்ட் அழுத்தத்தில் அளந்து பாருங்கள்.

ரிட்டர்ன் லைன் உள்ள காரில் இது சுலபம். இன்ஜினை ஓடவிட வேண்டாம். ரெயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரிலிருந்து டேங்குக்குத் திரும்பும் ஹோஸைக் கழற்றி, பெட்ரோலுக்கு ஏற்ற ஒரு அளவுக் கேனில் விடுங்கள். பேட்டரிக்கு சார்ஜர் கொடுத்து, பம்பின் முனைகளிலேயே மீட்டரை வைத்து, இன்ஜின் ஓடும்போது வருகிற அதே வோல்டேஜ் வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் ரெகுலேட்டரின் வேக்குவம் முனையில் கேஜ் உள்ள கை பம்பை மாட்டி, உங்கள் பூஸ்ட் எவ்வளவோ அவ்வளவு ஏற்றுங்கள். 0.6 பார் பூஸ்ட் என்றால் 0.6. ரெயில் கேஜ் 3 பாரிலிருந்து 3.6-க்கு ஏறுவது கண்ணுக்குத் தெரியும். ஏறவில்லை என்றால் ரெகுலேட்டரில் கோளாறு, மேற்கொண்டு போகாதீர்கள். இப்போது பம்பை 30 வினாடி ஓட்டுங்கள். இன்ஜின் எதையும் குடிக்காததால் பம்ப் தள்ளும் அத்தனையும் கேனுக்கு வந்துவிடும். கேனில் 1.2 லிட்டர் இருந்தால் மணிக்கு 144. நம் கணக்குக்கு இது போதும், ஆனால் தாராளம் இல்லை.

இதைத் திறந்த வெளியில், இரண்டு பேராக, கையில் தீயணைப்பானோடு செய்யுங்கள். சார்ஜர் கிளிப்பைப் பெட்ரோல் கேன் பக்கத்தில் வைத்துப் பொறி விடாதீர்கள். சிகரெட், பக்கத்தில் வெல்டிங், கிரைண்டர் எதுவும் கூடாது.

அளவு குறைவாக வந்தால் உடனே பெரிய பம்ப் வாங்க ஓடாதீர்கள். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர், ஒரு ரிலே, ஃப்யூஸ், நல்ல எர்த் என்று புதிதாக இழுத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். எஸ்பி ரோட்டில் இரண்டு கடை ஏறினால் இதற்கான சாமான் எல்லாம் கிடைத்துவிடும். ஃபில்டரையும் மாற்றுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் போதவில்லை என்றால் பம்ப்.

நைட்ரஸுக்கான பெட்ரோல் எந்த வழியில்

நைட்ரஸ் கிட் இரண்டு வகை. ட்ரை கிட்டில் நாசில் வழியாக நைட்ரஸ் மட்டும் போகும், அதற்கான பெட்ரோலை ஈசியூ (இன்ஜினை நடத்தும் கணினி) இன்ஜெக்டர்களை அதிக நேரம் திறந்து கொடுக்கும். வெட் கிட்டில் நைட்ரஸுக்கு ஒரு சாலினாய்டு (மின்சாரத்தில் திறக்கும் வால்வு), பெட்ரோலுக்கு ஒரு சாலினாய்டு, இரண்டும் ஒரே நாசிலில் வந்து கலக்கும்.

நல்ல ஈசியூ, பெரிய இன்ஜெக்டர், அனுபவமுள்ள ட்யூனர் மூன்றும் இருந்தால் ட்ரை கிட் சுத்தமான வழி. பெட்ரோல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் சமமாகப் போகும். கம்பெனி ஈசியூவை வைத்துக்கொண்டு ட்ரை கிட் போடுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

வெட் கிட்டில் புதியவர்கள் சறுக்கும் இடம் பூஸ்ட். கிட்டோடு வரும் ஜெட் அட்டவணை ஒரு குறிப்பிட்ட ஃப்யூயல் அழுத்தத்துக்குத் தயாரித்தது, அதுவும் பூஸ்ட் இல்லாத இன்ஜினுக்கு. பல ஹோண்டா கார்களைப் போல ரிட்டர்ன் லைன் இல்லாமல் ரெயிலில் ஒரே அழுத்தம் நிற்கும் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ரெயிலில் 3.5 பார். நாசில் ப்ளோயருக்கு அப்புறம், 0.6 பார் பூஸ்ட் உள்ள இடத்தில் இருக்கிறது. ஜெட்டின் குறுக்கே மிஞ்சுவது 2.9 பார்தான், பெட்ரோல் 9 சதவீதம் குறைந்துபோகும். நைட்ரஸோ 60 பாருக்கு மேல் அழுத்தத்தில் வருகிறது. அதற்கு முன் 0.6 பார் ஒரு தடையே இல்லை. பூஸ்ட் ஏற ஏறப் பெட்ரோல் மட்டும் குறைகிறது, நைட்ரஸ் அப்படியே வருகிறது. லீன். அதுவும் இன்ஜின் அதிகமாக உழைக்கும் நேரத்தில்.

ரெகுலேட்டருக்கு பூஸ்ட் இணைப்பு உள்ள காரில், பூஸ்ட் ஏறும் அளவுக்கு ரெயில் அழுத்தமும் ஏறுவதால் இந்தச் சிக்கல் வராது. ஆனால் நாசில் எங்கே என்று பார்க்க வேண்டும். ரூட்ஸ் ப்ளோயருக்கு முன்னால் வைத்தால் அங்கே பூஸ்ட் கிடையாது. ரெயில் 3.6-க்கு ஏறியிருக்கும், ஜெட்டின் குறுக்கே முழு 3.6-ம் விழும், நைட்ரஸுக்கான பெட்ரோல் சுமார் 10 சதவீதம் கூடி, கலவை ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆகும். இன்ஜின் உடையாது, ஆனால் பவர் குறையும், ப்ளக் கறுக்கும். இரண்டு நிலைக்கும் ஃப்யூயல் ஜெட்டை மாற்றிச் சரிசெய்யலாம், உங்கள் கார் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்திருந்தால்.

ஜெட் எண் என்பது துளையின் விட்டம், ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று. 20-ஆம் எண்ணிலிருந்து 22-க்குப் போவது சின்னத் தாவல் போலத் தெரியும். பரப்பளவு 21 சதவீதம் கூடிவிடும்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, சூப்பர்சார்ஜர் காருக்கு நான் மனப்பூர்வமாகச் சொல்வது அதைத்தான். நைட்ரஸுக்கென்று தனியாக ஒரு சின்ன டேங்க், ஓரிரண்டு லிட்டர் பிடிக்கிறது, அதற்குச் சொந்தமாக ஒரு பம்ப், ஒரு ரெகுலேட்டர். காரின் பம்ப் ப்ளோயரை மட்டும் கவனித்துக்கொள்ளும். நைட்ரஸ் திறந்த அந்த நொடியில் ரெயில் அழுத்தம் விழும் பயம் இல்லை. அந்தச் சின்ன டேங்கில் நல்ல ஆக்டேன் பெட்ரோலை மட்டும் ஊற்றலாம். எக்ஸ்பி100 போன்றவை பெங்களூரில் கிடைக்கின்றன. செலவு கூடும், வேலை கூடும், டேங்கைக் கெட்டியான ஃபிரேமில் பிடித்து, காற்றுப்போக்கியை வெளியே விட வேண்டும். இருந்தாலும் ஒரு இன்ஜின் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் குறைவுதான். பூஸ்ட் உள்ள இடத்தில் நாசில் இருந்தால் இந்த ரெகுலேட்டருக்கும் பூஸ்ட் இணைப்பு கொடுக்க மறக்காதீர்கள்.

தனி அமைப்பில் அழுத்தத்தை வைக்கும்போது ஜெட் வழியாகப் பெட்ரோல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நாசில் பக்கத்து ஹோஸைக் கழற்றி, அதே ஜெட்டை முனையில் மாட்டி, கேனில் விட்டு, சாலினாய்டைத் திறந்து கேஜைப் பாருங்கள். மூடியிருக்கும்போது காட்டும் எண்ணும் ஓடும்போது காட்டும் எண்ணும் வேறு, இன்ஜினுக்குத் தேவை ஓடும்போது உள்ள எண்.

குழாய், நாசில், ஒயர்

இன்டர்கூலர் (அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் கருவி) உள்ள காரில் நாசில் இன்டர்கூலருக்கு அப்புறம், த்ராட்டில் பாடிக்குப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் முன்னால் வர வேண்டும். இன்டர்கூலருக்கு முன்னால் பெட்ரோலைத் தெளித்தால் அது உள்ளே தேங்கும், ஒரு நாள் தீப்பிடித்து இன்டேக்கையே பிளக்கும். காற்று மட்டும் போவதற்காகச் செய்த வளைந்த பிளாஸ்டிக் மேனிஃபோல்டிலும் பெட்ரோல் தேங்கும். அதனால் ஒற்றை நாசில் வெட் கிட்டை அதில் சின்ன ஜெட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இ20 பழைய ரப்பர் ஹோஸைக் கெடுக்கும். டெஃப்லான் உட்புறம் உள்ள ஸ்டீல் பின்னல் ஹோஸ் வாங்குங்கள். முனை மாட்டி அழுத்தச் சோதனை செய்து தர பீன்யா பக்கம் ஹைட்ராலிக் ஹோஸ் கடைகள் இருக்கின்றன. பெட்ரோலுக்கு, எத்தனால் கலந்தது என்று சொல்லிக் கேளுங்கள். இணைப்புகளில் வெள்ளை டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள், அதன் துணுக்கு ஒன்று பிய்ந்து ஃப்யூயல் ஜெட்டில் போய் உட்கார்ந்தால் கதை முடிந்தது. சாய்வு மரையில் பேஸ்ட், கூம்பு முகமே அடைத்துக்கொள்ளும் ஏஎன் இணைப்பில் ஒன்றுமே வேண்டாம். ஃப்யூயல் சாலினாய்டுக்கு முன்னால் ஒரு ஃபில்டர் கட்டாயம்.

ஒயரிங்கில் ஐந்து காவல்கள் தொடராக இருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் நைட்ரஸ் நிற்க வேண்டும். டாஷ்போர்டில் மெயின் ஸ்விட்ச். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் மட்டும் சேரும் ஸ்விட்ச். ஆர்பிஎம் ஜன்னல் ஸ்விட்ச், 3,500-இல் திறந்து ரெவ் லிமிட்டருக்கு 400 ஆர்பிஎம் முன்னால் மூடும்படி; லிமிட்டர் பெட்ரோலை வெட்டும்போது நைட்ரஸ் மட்டும் போய்க்கொண்டிருந்தால் பிஸ்டன் தாங்காது. ஃப்யூயல் அழுத்த ஸ்விட்ச், பூஸ்டில் 3.6 நிற்க வேண்டிய ரெயில் 3.2-க்கு இறங்கினால் வெட்டும்படி. தனி டேங்க் வைத்தவர்கள் அந்த லைனிலும் ஒன்று வைக்க வேண்டும், அந்த டேங்க் காலியானது ஓட்டுபவருக்கு வேறு எப்படியும் தெரியாது. கடைசியாக, புகையை வைத்துக் கலவையை அளக்கும் வைட்பேண்ட் லாம்டா சென்சாரிலிருந்து, லீன் ஆனால் வெட்டும்படி ஒரு கட். காசு போதவில்லை என்று இந்த ஐந்தில் ஒன்றைத் தள்ளிப்போடுவதாக இருந்தால், நைட்ரஸையே தள்ளிப்போடுங்கள்.

பாட்டிலும் பெங்களூர் வெயிலும்

டிக்கியில் பாட்டிலை வால்வு முன்பக்கம் பார்த்து, சற்று உயர்த்தி, லேபிள் மேலே தெரியும்படி பிடியுங்கள். உள்ளே உள்ள உறிஞ்சு குழாய் பின்பக்கத்து அடியில் இருக்கும், கார் பாயும்போது திரவம் அங்கே சேரும். அதிக அழுத்தத்தில் பிளக்கும் பாதுகாப்புத் தகட்டிலிருந்து ஒரு குழாயைக் காருக்கு வெளியே விட வேண்டும். மூடிய இடத்தில் நைட்ரஸ் நிறைந்தால் மூச்சுக்கு ஆக்சிஜன் இருக்காது. திரவம் கையில் பட்டால் உறைந்து தோல் பிய்ந்துவிடும், கையுறை போடுங்கள்.

பாட்டில் அழுத்தம் வெப்பத்தைப் பொறுத்தது. 20 டிகிரியில் சுமார் 50 பார், 30 டிகிரியில் சுமார் 63 பார். கிட் தயாரிப்பாளர்கள் எதிர்பார்ப்பது 900 முதல் 1,000 பிஎஸ்ஐ, அதாவது 62 முதல் 69 பார். டிசம்பர் காலையில் இங்கே 16 டிகிரி இருக்கும்போது அழுத்தம் 50-ஐக்கூடத் தொடாது, கலவை ரிச்சாக ஓடும். ஏப்ரல் மதியம் வெயிலில் நிறுத்திய காரின் டிக்கி 36.4 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். அதற்கு மேல் நைட்ரஸ் திரவமாகவே இருக்காது, அழுத்தம் மளமளவென்று ஏறும், ஜெட் கணக்கு செல்லாது. குளிருக்கு, அழுத்த ஸ்விட்ச் உள்ள மின்சார ஹீட்டர் போர்வை வாங்கலாம். டார்ச், ஸ்டவ், வெந்நீர் எதுவும் பாட்டில் பக்கத்தில் வரக் கூடாது. சூட்டுக்கு நிழலும் ஈரத்துணியும் போதும். ட்யூன் செய்தபோது இருந்த அழுத்தத்தை ஒரு ஸ்டிக்கரில் எழுதி பாட்டில் கேஜ் பக்கத்தில் ஒட்டிவையுங்கள், அதற்கு மேலே இருந்தால் திறக்காதீர்கள்.

இக்னிஷன்

ப்ளக் ஒன்று அல்லது இரண்டு படி குளிர்ச்சியாக இருக்கட்டும். என்ஜிகே ப்ளக்கில் எண் ஏறினால் குளிர்ச்சி, போஷ் ப்ளக்கில் எண் இறங்கினால் குளிர்ச்சி. ஜேசி ரோட்டுக் கவுண்டரில் அவசரத்தில் மாற்றி வாங்கிவிடாதீர்கள். இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். 50 எச்பிக்கு இரண்டு டிகிரி டைமிங் (ப்ளக் பொறி விடும் நேரம்) குறைப்பது பொதுவான தொடக்கம், பூஸ்ட் உள்ள இன்ஜினில் 40 எச்பிக்கே மூன்று டிகிரியில் ஆரம்பித்து, டைனோவில் பார்த்துத் திருப்பிக் கொடுக்கலாம்.

முதல் ஓட்டம்

டைனோவில் முதலில் பாட்டிலை மூடிவைத்து ப்ளோயரோடு மட்டும் ஓட்டிப் பதிவு எடுங்கள். ரெயில் அழுத்தம், லாம்டா, பூஸ்ட், பம்ப் வோல்டேஜ் நான்கும் ஒரே வரைபடத்தில் வர வேண்டும். முழு பூஸ்டில் ரெயில் அழுத்தக் கோடு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். மேல் ஆர்பிஎம்மில் 0.1 பார் சரிந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள்.

அடுத்து, கிட்டிலேயே சின்ன ஜெட், 25 முதல் 35 எச்பிக்குள். பர்ஜ் செய்து குழாயில் உள்ள ஆவியை வெளியேற்றிவிட்டு, நாலாவது கியரில் ஒரே ஒரு ஓட்டம். லாம்டா (1 என்றால் சரியளவு, அதற்குக் கீழே ரிச்) 0.77-க்கும் 0.80-க்கும் நடுவில் இருக்க வேண்டும். இ20-யில் காற்று எரிபொருள் விகித எண்ணை நம்பாதீர்கள். சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 என்றால் இதற்கு 13.5 பக்கம், கேஜ் எந்தக் கணக்கில் காட்டுகிறது என்பதில் குழப்பம் வரும். லாம்டாவில் அந்தக் குழப்பம் இல்லை.

நைட்ரஸ் திறக்கும் முதல் கால் வினாடியைப் பெரிதாக்கிப் பாருங்கள். லாம்டா கோடு ஒரு கணம் மேலே குத்தி அப்புறம் இறங்கினால், பெட்ரோல் நைட்ரஸுக்குப் பின்னால் வருகிறது என்று அர்த்தம். ஃப்யூயல் சாலினாய்டை நாசிலுக்குப் பக்கத்தில் நகர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இன்ஜினை உடனே அணைத்து ப்ளக்குகளைக் கழற்றுங்கள், நாலையும். வெள்ளைப் பீங்கானை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மிளகுத் தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் நாக்கிங் நடந்திருக்கிறது. பளபளவென்று சின்ன மணிகள் இருந்தால் அது பிஸ்டனிலிருந்து உருகி வந்த அலுமினியம், அன்றைக்கு வேலை முடிந்தது. ஒரு ப்ளக் மட்டும் மற்றதைவிட வெளுத்திருந்தால் அந்த சிலிண்டருக்குப் பெட்ரோல் சரியாகப் போகவில்லை. லாம்டா சென்சார் நாலின் சராசரியைத்தான் காட்டும், இதை அது சொல்லாது.

எல்லாம் சுத்தமாக இருந்தால் 40 எச்பி ஜெட்டுக்குப் போகலாம். 40 எச்பிக்குப் பத்து வினாடியில் 150 கிராம் அளவுக்கு நைட்ரஸ் செலவாகும், எனவே நாலரைக் கிலோ பாட்டில் நிறைய ஓட்டங்களுக்கு வரும். கேஜை வைத்து மீதியைக் கணக்கிட முடியாது, திரவம் இருக்கும்வரை அழுத்தம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். தராசில் எடை போட்டுப் பாருங்கள். அடிமட்டத்துக்கு வந்த பாட்டிலோடு ஓட்டாதீர்கள்.

கார் நிற்கும்போது பாட்டில் வால்வு மூடியே இருக்கட்டும். நைட்ரஸ் சாலினாய்டை இன்ஜின் ஓடாதபோது திறந்து சோதிக்கவே கூடாது. இன்டேக்கில் நிறைந்திருக்கும் வாயு அடுத்த ஸ்டார்ட்டில் வெடிக்கும். கசிந்திருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் இக்னிஷனையும் இன்ஜெக்டரையும் துண்டித்துவிட்டு, ஆக்சிலரேட்டரை அமுக்கியபடி கொஞ்ச நேரம் கிராங்க் செய்து வெளியேற்றுங்கள். ஓட்டம் முடிந்த ஒவ்வொரு முறையும் வால்வை மூடி, லைனில் மிஞ்சியதை பர்ஜ் வழியாக விட்டுவிடுங்கள். சீசனுக்கு ஒரு தடவை இரண்டு சாலினாய்டுகளின் சீல், ஃபில்டர், ஜெட் மூன்றையும் கழற்றிப் பாருங்கள். இ20 ஓடும் ஃப்யூயல் சாலினாய்டின் சீல்தான் முதலில் உப்பும்.